பாவில் ஒரு பொட்டுத் தூசி இல்லை

திருப்புலிவனத்தைத் தாண்டி உத்திரமேரூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் சிமெண்ட் சாக்குப் பை. அதற்குள் கட்டிங் மெஷின், இரண்டு உளி, சுத்தியல், தண்ணீர் தெளிக்கிற கைப் பம்பு. எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் தணிகாசலம் தெருமுனை வரைக்கும் ஓடி வந்து, "மேஸ்திரி, ஃபேன மறந்துட்டு போறீங்களே!" என்று கத்தினார். "அங்கியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். இரண்டு பஸ் என்னைத் தாண்டிப் போயின. கை காட்டவில்லை. உட்கார்ந்தால் யோசனை வரும். நடந்தால் கால் மட்டும்தான் வலிக்கும்.

இது நடந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். இப்போது நான் எந்த வேலைக்கும் போவதில்லை. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. முன்பு என்னோடு சுவர் இடித்த செல்வம் இப்போது சொந்தமாக வீட்டு உள்வேலை கான்ட்ராக்ட் எடுக்கிறான். போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினான். கட்டிங் மெஷினோடு ஒரு குழாயும், குழாயின் மறுமுனையில் தூசியை உறிஞ்சுகிற டப்பாவும். சுவர் வெட்டுப்படுகிறது, ஒரு புகை இல்லை. "பாத்தீங்களாண்ணா, தூசியே இல்ல. ஆனாலும் மெஷின் வாங்கிட்டா மட்டும் போதுமா? நீங்க அந்தக் காலத்துல எப்டி பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க, ஆளுங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றான். முறைகளை மட்டும் எழுதினால் அரை மணியில் முடிந்துவிடும். இதையும் சேர்த்துப் படித்துக் காட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதில் நான்கு நாள் உட்கார்ந்தேன், ஐந்தாம் நாள் பெங்களூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஹோட்டலில் தட்டுக் கழுவினேன். ஹைதராபாத்தில் பெயிண்ட் அடிப்பவர்களோடு சேர்ந்து சுவர் சுரண்டினேன். சேலத்தில் கிணறு தூர் வாரினேன். சென்னையில் பழைய வீடுகளை இடித்தேன். ஒரே ஊரில் இரண்டு வருஷம் இருந்ததில்லை. யாரும் துரத்தவில்லை. காலையில் எழுந்தால் போக வேண்டும் போல இருக்கும், போய்விடுவேன். அந்த வருஷங்களில் தூசியை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறத்தில் வரும். குளித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

நாற்பது வயதில்தான் தேவராஜ் சாரிடம் போய்ச் சேர்ந்தேன். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. பாதி வார்டை இடித்து மாற்ற வேண்டும். மறுபாதியில் ஆபரேஷன் ஆனவர்கள் படுத்திருப்பார்கள். அந்த வேலைக்கு அவர் சூப்பர்வைசர். இடிக்கிற இடத்துக்குத் தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற ஒரே மனிதர். சாயங்காலம் வார்டு வாசலில் நின்று காலரைத் திருப்பிப் பார்ப்பார். அழுக்கு இருந்தால் ஒன்றும் பேசமாட்டார். மறுநாள் நாங்கள் போவதற்கு முன்பே வந்து, தடுப்பில் ஒட்டிய டேப்பை விரலால் தடவிக்கொண்டே ஓரம் ஓரமாக நகர்வார். அந்த மௌனத்துக்குத் திட்டு வாங்குவதே தேவலை.

அவருடைய முறை இதுதான். முதலில் தரையிலிருந்து கூரை வரை மரச்சட்டம். அதன் மேல் கனமான பிளாஸ்டிக் ஷீட், இரண்டு அடுக்கு. நான்கு ஓரமும் டேப். போகவர இரண்டு திரை, ஒன்றன் மேல் ஒன்று ஏறியபடி. வாசலில் ஈரச் சாக்கு, காலையும் மதியமும் மாற்ற வேண்டும். ஏசி துவாரங்களை அடைக்க வேண்டும். வெளி ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன். அது உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் திரை இடுக்கில் காற்று உள்ளே வருமே தவிர வார்டுப் பக்கம் போகாது. இடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும். இடிக்கும்போதும் நனைக்க வேண்டும். துடைப்பம் கூடாது, ஈரத்துணிதான். இடிசலை மூட்டையாகக் கட்டி, மூட்டையை வெளிப்புறம் துடைத்த பிறகே தூக்க வேண்டும். எல்லாம் ஆனபின் திரை இடுக்கில் ஒரு நூலைத் தொங்கவிடுவார். நூல் உள்பக்கம் சாய்ந்தால்தான் வேலை.

ஒருநாள் வேலை முடித்ததும் நான் திரையைச் சட்டென்று விலக்கி வெளியே வந்துவிட்டேன். சார் பார்த்துவிட்டார். "உள்ள போங்க" என்றார். அவரும் வந்தார். ஜன்னலை மறைத்து விளக்கை அணைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டார்ச் எடுத்து அடித்தார். வெளிச்சம் போன பாதையெல்லாம் தூசி. கீழே இறங்கவும் இல்லை, மேலே போகவும் இல்லை, அப்படியே நின்றது. "எப்ப எறங்குதுன்னு பாத்து சொல்லுங்க" என்று டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். அரை மணி நேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவரை நான் விழுங்கிய காற்றெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. காலையில் ஃபேன் போடுவதற்கு முன் மூன்று மாடியும் இறங்கி, கட்டடத்தின் பின்பக்கம் போய், ஃபேன் ஊதுகிற இடத்தின் கீழே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மேலே வருவார். முட்டிவலிக்காரர். கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறுவார். தினமும். "சார் வாக்கிங் போயிட்டாரு" என்று நாங்கள் சிரிப்போம். நான் ஒருநாள் கேட்டே விட்டேன். "நேத்து பாத்தீங்களே சார், காலி எடந்தான?"

"நேத்து காலி" என்றார். "தூசி எங்கயும் காணாமப் போறதில்ல. நாம ஒரு எடத்துலேந்து இன்னொரு எடத்துக்கு அனுப்பறோம். இன்னைக்கு யாருக்கு அனுப்பறோம்னு பாக்க வேணாமா?"

அவர் சொன்னதை எல்லோருக்கும் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அவர் படி இறங்கியதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வேலை முடிந்ததும் வழக்கம்போலக் கிளம்பினேன். ஆனால் ஒரு ஃபேனும் டேப்பும் ஷீட்டும் வாங்கிக்கொண்டேன். பிறகு போன இடமெல்லாம் 'தூசி மேஸ்திரி' என்று கூப்பிட்டார்கள். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் வேலை என்றால் என்னைத் தேடினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையில் எனக்குப் பெயர் இருந்தது. அப்படித்தான் தணிகாசலம் வீட்டுக்கும் வந்தேன்.

அது பட்டு நெசவுக் குடும்பம். கூடத்தில் குழித்தறி. தறிக்கு மேலே பழைய சுண்ணாம்புப் பூச்சு ஊறிப்போய், கட்டி கட்டியாக உதிர்ந்துகொண்டிருந்தது. மழைக்காலம் வர ஒரு மாதம்தான் இருந்தது. கூடத்துச் சுவர் முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ஆனால் தறியில் பாவு ஏறியிருந்தது. மூன்று சேலைக்கான நீளப் பட்டிழை. முதல் சேலை அறுத்தாகிவிட்டது, இரண்டாவது பாதியில் நின்றது. சந்தன நிறம், ஜரிகைக் கரை.

"பாவு எறங்கனதுக்கு அப்புறம் கூப்டுங்களேன்" என்றேன்.

"அதுக்கு ஒன்ற மாசம் ஆவும் மேஸ்திரி. அதுக்குள்ள மழ வந்து மொத்த செவுரும் பாவு மேல வுழும். அறுத்து எடுக்கவும் முடியாது. பாதியில பாவ அறுக்கறது எங்க வூட்ல வழக்கமே இல்ல" என்றார் தணிகாசலம். அவர் மனைவி சரோஜா, "சந்தனக் கலருங்க. சுண்ணாம்பு பட்டா வெள்ள வெள்ளயா ஏறிக்கும், தொடச்சாலும் போவாது. அப்புறம் எங்க வாய்ல மண்ணுதான்" என்றாள்.

தறிக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் தணிகாசலத்தின் அண்ணன் ஏகாம்பரம் படுத்திருந்தார். இளவயதில் தறி பிடிக்காமல் வெளியே ஓடி, கல் உடைக்கும் கிரஷரில் இருபது வருஷம் வேலை செய்து, நெஞ்சு கெட்டு வீடு திரும்பியவர். எலும்பும் கண்ணும்தான் மிச்சம். தம்பி நெய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். நான் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"இன்னா மேஸ்திரி, ஜல்லி கிடைக்குதா ஒங்களுக்கு?"

"கெடைக்குதுண்ணே. ஏன்?"

"என் நெஞ்சுல ஒரு லோடு கீது. பில்லு போடாம எடுத்துக்கினு போங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அவரும் ஊர் ஊராக ஓடியவர் என்று தெரிந்ததும் இருவரும் பெங்களூர் ஹோட்டல்களைப் பற்றிப் பேசினோம். "அந்த கிரஷர்ல தண்ணி அடிக்கறதுக்குன்னே ஒரு ஆளு இருப்பான். ராஜா வேல. நானு இருபது வருசமும் அத கேட்டுக்கினே இருந்தேன், குடுக்கவேயில்ல" என்றார்.

வெளியே வந்ததும் தணிகாசலத்திடம் கண்டிப்பாகச் சொன்னேன். "அவுரு வூட்ல இருந்தா நான் உளியத் தொட மாட்டேன். நாலு நாளு எங்கியாச்சும் அனுப்பிடுங்க." பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் தங்கை வீடு இருக்கிறது, அங்கே அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அன்று சனிக்கிழமை. மாலையே பின்பக்கத்தையும் போய்ப் பார்த்தேன். கூடத்தின் ஒரே ஜன்னல் கொல்லைப் பக்கம் திறந்தது. அதற்கு எதிரே நாலடி தள்ளி ஒரு தகரக் கொட்டகை. விறகும் உடைந்த தறி நாடாக் கட்டைகளும் கிடந்தன. ஆள் இல்லை. ஃபேன் வைக்க நல்ல இடம் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை காலையில் போனபோது கட்டில் காலியாக இருந்தது. "அண்ணன் போயிட்டாரா?" என்றேன். "போயிட்டாரு, போயிட்டாரு, நீங்க ஆரம்பிங்க" என்றாள் சரோஜா.

தறியைச் சுற்றிக் கூடாரம் கட்டினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கூடாரம் கட்டியதில்லை. சட்டம் கட்டி, மூன்று அடுக்கு ஷீட் போட்டு, குழிக்குள் இறங்கி அடிப்பக்கமும் மண்ணோடு சேர்த்து ஒட்டினேன். பாவின் மேல் பழைய வேட்டியை நனைக்காமல் விரித்தேன். ஜன்னலில் ஃபேனைப் பொருத்தி ஓரங்களை அடைத்தேன். தணிகாசலம் கழிவுப் பட்டில் ஒரு முழ நூல் கொடுத்தார். அதைக் கூடத்து வாசல் திரையில் தொங்கவிட்டு ஃபேனைப் போட்டேன். நூல் உள்பக்கம் சாய்ந்து, விறைத்து நின்றது. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "இந்த நூலு பொய் சொல்லாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. சனிக்கிழமை பார்த்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

திங்களும் செவ்வாயும் கொத்தினேன். நனைத்து நனைத்துத்தான் கொத்தினேன். ஆனாலும் அது நூறு வருஷத்துச் சுண்ணாம்பு. தண்ணீர் மேல்தோலைத்தான் நனைக்கும், உள்ளே மாவு. ஃபேன் அதையெல்லாம் வாங்கி வாங்கி வெளியே தள்ளியது. நடுவில் இரண்டு முறை இருமல் மாதிரி ஏதோ கேட்டது. கட்டிங் மெஷினை நிறுத்தினால் சத்தம் இல்லை. பக்கத்து வீடு என்று நினைத்தேன்.

செவ்வாய் மதியம் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். தகரக் கொட்டகையின் வாயில் ஒரு பழைய சேலை கட்டித் தொங்கியது. என்ன நிறச் சேலையோ தெரியவில்லை. சுண்ணாம்பு படிந்து காய்ந்து, பலகை மாதிரி நின்றது. விலக்கினேன். விறகுக்கு நடுவே கட்டில். ஏகாம்பரம் முட்டியில் நெற்றியை வைத்துக் குந்தியிருந்தார். வாயில் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார். இமை மயிரெல்லாம் வெள்ளை.

துண்டை எடுத்தேன். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"ஏண்ணே, கூப்பிடக் கூடாதா?"

மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார். "கூப்ட்டா... நீ நிறுத்திடுவ... மழ வருது இல்ல... தம்பி பாவு..."

அவர் பெருநகருக்குப் போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வந்தபோது, தறி இருக்கிற வீட்டை விட்டு வரமாட்டேன் என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டாராம். எனக்குத் தெரிந்தால் வேலையைத் தொடமாட்டேன் என்று பயந்து, மூவரும் கூடிப் பேசி, தூசி படாத இடம் என்று அந்தக் கொட்டகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சரோஜா விறகை ஒதுக்கி, தரையைச் சாணி போட்டு மெழுகி, மணிக்கொரு தரம் சேலையை நனைத்துக் கட்டியிருக்கிறாள். திங்கட்கிழமை முழுவதும் நனைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவர்தான், "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போயி சோத்த ஆக்கு" என்று அனுப்பிவிட்டாராம். ஃபேன் எதை ஊதுகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஃபேன் என்றால் காற்று, காற்று என்றால் நல்லது. "பெரியவருக்குக் காத்தோட்டமாவும் இருக்கும்னு பாத்தேங்க" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆம்புலன்ஸில் உத்திரமேரூர் கொண்டுபோய், அங்கிருந்து செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். நானும் போனேன். வியாழக்கிழமை காலை ஏகாம்பரம் போய்விட்டார். நெஞ்சு ஏற்கெனவே முடிந்துபோன நெஞ்சு, இன்றில்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் என்று அங்கே சொன்னார்கள். இருக்கலாம். இருபது வருஷத் தூசியையும் இரண்டு நாள் தூசியையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்த ஆறு மாதமும் அவர் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருப்பார்.

சாவு வீட்டில் வேலை நடக்காது. காரியம் முடியும் வரை தறி கூடாரத்துக்குள்ளேயே கிடந்தது. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அப்போதே ஊரை விட்டு ஓடியிருப்பேன். பாதி கொத்திய சுவரை விட்டுவிட்டுப் போக முடியாது என்பதால் திரும்பி வந்தேன். இந்த முறை உளி எடுப்பதற்கு முன் தினமும் வீட்டைச் சுற்றி நடந்தேன். கொட்டகையில் விறகு மட்டும்தான் இருந்தது. தினமும் பார்த்தேன். மிச்சச் சுவரைக் கொத்தி, பூசி, ஆறவிட்டு, கடைசி நாள் எல்லோரும் கூடத்தில் நிற்க, கூடாரத்தைப் பிரித்தேன்.

தணிகாசலம் குனிந்து பாவைப் பார்த்தார். உள்ளங்கையைத் தேய்க்காமல் மேலாக ஓட்டிப் பார்த்தார். வாசல் பக்கம் சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஒரு பொட்டுத் தூசி இல்ல, மேஸ்திரி" என்றார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா இந்த பாவு போயிருக்கும். அண்ணன் இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு."

மனதாரச் சொன்னார். குத்திச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாக்கில் சாமானை அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அப்போதுதான் அவர் ஃபேனைச் சொல்லிக் கூப்பிட்டது.

உத்திரமேரூர் வருவதற்குள் கால் வீங்கிவிட்டது. டீக்கடையில் ஒரு லாரி டிரைவர், கிரஷரில் தண்ணீர் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் இருபது வருஷம் கேட்டுக் கிடைக்காத வேலை. பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் அதே லாரியில் ஏறிப் போனேன். அதுதான் என் கடைசி வேலை. மூச்சு விட முடியாமல் போகும் வரை அதில்தான் இருந்தேன்.

அங்கே இருந்த கணக்குப்பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தண்ணி ஓஸ் புடிக்கணும். அவ்ளோதான் வேல. நாஷ்டா துன்னுட்டியா?"

"ஆச்சு. எப்பப்ப தண்ணி அடிக்கணும்?"

"போன் வரும். செக்கிங் ஜீப்பு வர்ற அன்னிக்கு மோட்டார் போடுவாங்க, நல்லா அடி. மத்த நாளுல தண்ணிக்கு எங்க போறது?"

"மத்த நாளுல நானு இன்னா பண்றது?"

"புடிச்சிக்கினு நில்லு. ஆளு நிக்கறது தெரியணும் இல்ல?"

மேட்டில் போய் ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜல்லி விழுகிற இடத்திலிருந்து வெள்ளையாக எழும்பியது. நனைத்தால் அடங்கிவிடும். நூறடி ஓஸ், கைக்கு வாகான மூக்கு, எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. சட்டைப்பையில் கை விட்டபோது, வாசல் திரையைப் பிரிக்கையில் எடுத்துப் போட்டிருந்த தணிகாசலம் கொடுத்த பட்டுநூல் அகப்பட்டது. ஓஸின் மூக்கில் அதைக் கட்டினேன். சற்று ஆடிவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இந்த முறை நூலை மட்டும் பார்க்கவில்லை. அது காட்டிய பக்கத்தையும் பார்த்தேன். வேலைக்காரக் குடும்பங்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைகள், வரிசையாகப் பன்னிரண்டு. கதவு இருக்கவேண்டிய இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சேலை. கடைசிக் கொட்டகையில் ஒரு பெண் குடத்துத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி, தன் வாசல் சேலையை நனைத்துக்கொண்டிருந்தாள்.